குறிப்பலகைக்கு ஒரு துவக்கு

துவக்கைப் பற்றி எமது புகலிடச் சஞ்சிகைகளில் எழுதப்பட்ட அளவுக்கு வேறெந்தப் பொருளைப் பற்றியும் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. விடுதலையின் குறியீடாக, அதிகாரத்தின் குறியீடாக, சகோதரப் படுகொலைகளின் சாட்சியாக அது எமது கட்டுரைகளிலும் கவிதைகளிலும் வந்துபோயிருக்கிறது. ஆனால் ஒரு இயந்திரமாக, அதாவது இன்ன பாகங்களைக் கொண்டது, இன்ன காரணத்தால் இயங்குகிறது, இன்ன காரணத்தால் இயங்க மறுக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரு பொருளாக, அது அங்கு வந்தது குறைவு.

இதை எழுதத் தூண்டியவை இரண்டு கேள்விகள். கனடாவில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் ஒருநாள் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, குறிபார்த்துச் சுடுகிற கழகம் ஒண்டிலை சேர்ந்திருக்கிறன். ஒரு .22 செமி ஒட்டோமற்றிக் வாங்க யோசிக்கிறன். எதை நம்பி வாங்கலாம்?" நான் அத்தகைய கழகமொன்றில் சில வருடங்களாகச் சுட்டுவருபவன் என்பதால் என்னிடம் கேட்டான். இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குத்தானே நாங்கள் அங்கையிருந்து ஓடி வந்தனாங்கள்?" இரண்டு கேள்விகளும் நியாயமானவை. முதலாவதற்குப் பதில் சொல்லாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்லமுடியாது என்று கருதுகிறேன். துவக்கின் மீதான பக்தியும் அதன் மீதான அருவருப்பும் வேறு எதில் முரண்பட்டாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே அந்தப் பொருளைக் கிட்டே சென்று பார்ப்பதில்லை.

ரவையில் இருந்து தொடங்குதல்

ஒரு துவக்கின் இயல்பைத் தீர்மானிப்பது முதலில் அதன் ரவைதான். .22 லோங் றைபிள் என்ற ரவை 1887இல் அமெரிக்காவின் ஸ்ரீவன்ஸ் நிறுவனத்தால் கொண்டுவரப்பட்டது. அதன் மூதாதை இன்னும் பழையது. 1845 அளவில் பரிஸில் புளோபேர் என்பவர் வீட்டு மண்டபங்களில் பொழுதுபோக்காகச் சுடுவதற்கென உருவாக்கிய சிறு ரவையே அதன் தொடக்கம். இந்த வகை ரவையில் தீப்பொறி தரும் இரசாயனம் கோதின் அடிப்பகுதி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது அது பற்றிக்கொள்கிறது. ஆகவேதான் இதை விளிம்புச் சூட்டு ரவை என்கிறோம். இராணுவ ரவைகளும் பெரிய வேட்டை ரவைகளும் நடுவில் தனிப் பொறிக்குப்பி கொண்ட மையச் சூட்டு ரவைகள்.

விளிம்புச் சூட்டு ரவையைச் செய்வது மலிவு. விளிம்பை நசுக்கவேண்டும் என்பதால் கோது மெல்லியதாக இருக்கவேண்டும்; மெல்லிய கோது அதிக அழுத்தத்தைத் தாங்காது. எனவே அதன் சக்திக்கு ஒரு எல்லை உண்டு. .22 சன்னத்தின் நிறை ஏறத்தாழ 2.6 கிராம். வேகமான வகை விநாடிக்கு 370 மீற்றர் அளவில் புறப்படும். இன்றைய இராணுவ றைபிள் ரவையோடு ஒப்பிட்டால் சக்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. தோளில் உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், சத்தமும் குறைவு. புதிதாகப் பழகுபவருக்கு இது பொருந்துவது இதனால்தான்.

ஆனால் இதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணுபவர்கள் இரண்டு விடயங்களை நினைவிற் கொள்ளவேண்டும். இந்தச் சிறு சன்னம் ஒன்றரை மைல் தூரம் வரை ஆபத்தானது என்று ரவைப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிடப்படுவதுண்டு. 1968இல் றொபேட் கென்னடியைக் கொன்றதும் .22 சன்னமே.

அரைத்தானியங்கி ஏன் சிக்குகிறது?

அரைத்தானியங்கி என்றால், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு சூடு. அடுத்த ரவையைத் துவக்கு தானே ஏற்றிக்கொள்ளும். முழுத்தானியங்கி போல விசையைப் பிடித்திருக்கும் வரை சுடாது. .22 துவக்குகளில் இதற்கான பொறிமுறை மிக எளிமையானது. ரவை வெடித்ததும் வாயு சன்னத்தை முன்னே தள்ளுகிறது, கோதைப் பின்னே தள்ளுகிறது. கோதின் பின்னால் பூட்டு எதுவும் கிடையாது. சுருள்வில் அழுத்தி வைத்திருக்கும் பாரமான உருக்குத் துண்டொன்று, போல்ட், மட்டுமே நிற்கிறது. பாரம் காரணமாக அது சற்றுத் தாமதித்தே பின்வாங்குகிறது. அதற்குள் சன்னம் குழலை விட்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். பின்னே போகும் போல்ட் வெற்றுக் கோதை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது ரவைக்கூட்டில் இருந்து அடுத்த ரவையைத் தள்ளி ஏற்றுகிறது.

இவ்வளவு எளிமையான ஒன்று ஏன் சிக்குகிறது? இந்த முழுச் சுழற்சிக்கும் வேண்டிய சக்தி அந்தச் சின்ன ரவையிலிருந்து மட்டுமே வருகிறது. மேலதிகமாக எதுவும் இல்லை. ரவை பலவீனமாக இருந்தால் போல்ட் முழுத்தூரம் பின்வாங்காது. கோது வாயிலில் சிக்கும். .22 சன்னங்கள் வெளிப்புறத்தில் மெழுகோ கொழுப்போ பூசப்பட்டவை. அந்த மெழுகு கரியுடன் சேர்ந்து ரவை அறையிலும் போல்ட்டின் முகத்திலும் பிசினாகப் படிகிறது. ரவையின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், ரவைக்கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக்கூடும். விளிம்புக்குள் இரசாயனம் சீராகப் பரவாத ரவை ஊசி அடித்தாலும் பற்றாது. மலிவான ரவைகளில் இது இடைக்கிடை நடப்பது.

ஆக, நம்பகம் என்பது துவக்கு என்ற தனிப்பொருளின் குணம் அல்ல. துவக்கு, ரவை, ரவைக்கூடு, துப்புரவு ஆகிய நான்குக்கும் இடையிலான உறவின் குணம். வரலாறும் இதையே காட்டுகிறது. வின்செஸ்ரர் நிறுவனம் 1903இல் .22 அரைத்தானியங்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஏற்கெனவே பரவலாக இருந்த லோங் றைபிள் ரவையை அதற்குப் பயன்படுத்தவில்லை. அக்காலத்தில் அந்த ரவை கரிமருந்திலும் வந்தது, புகையற்ற மருந்திலும் வந்தது. கரிமருந்தின் அழுக்கு பொறிமுறையைச் சிலநேரத்திலேயே அடைத்துவிடும். வாங்குபவர் எதைப் போடுவார் என்று நிறுவனத்தால் சொல்லமுடியாததால், பழைய ரவை உள்ளே போகவே முடியாதபடி தனி ரவை ஒன்றையே செய்தார்கள். அதன் வழிவந்த மாதிரி லோங் றைபிள் ரவைக்கு மாறியது 1933இல்தான்.

எதைத் தெரிவது?

மருமகனுக்கு நான் முதலாவதாகச் சொன்ன பெயர் றூகர் 10/22. 1964இல் வெளிவந்து இன்றுவரை உற்பத்தியில் இருப்பது. பல மில்லியன் கணக்கில் விற்கப்பட்டது. அதன் சிறப்பு ரவைக்கூட்டில் இருக்கிறது. பத்து ரவைகள் கொண்ட அந்தக் கூட்டுக்குள் ரவைகள் அடுக்கப்படுவதில்லை. பல்லுச்சில்லுப் போன்ற சுழலி ஒன்றின் பள்ளங்களில் ஒவ்வொன்றும் தனித்தனியே அமர்கிறது. ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மாட்ட வழியில்லை. ரவையை அறைக்குள் வழிநடத்தும் உதடுகள் உருக்கினால் ஆனவை. கூடு துவக்கின் வயிற்றுக்குள் அடங்கிவிடுவதால் நிலத்தில் இடிபட்டு நெளிவதும் குறைவு. சாதாரண காபைன் வடிவம் ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. நல்ல ரவையுடன் 50 மீற்றரில் தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டத்துக்குள் சுடலாம். கழிபொழுதுக்குச் சுடுபவருக்கு இது தாராளமாகப் போதும்.

அதன் குறைகளையும் சொல்லவேண்டும். கடைசி ரவை சுட்டு முடிந்ததும் சாதாரண 10/22 இன் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். வெறுமையான துவக்கும் நிரப்பப்பட்ட துவக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பின்புறம் மூடியிருப்பதால் குழலைப் பின்னாலிருந்து துப்புரவாக்க முடியாது. கம்பியை வாய்ப்புறமாக விடும்போது குழல் வாயின் விளிம்பு தேயாமல் கவனிக்கவேண்டும். அல்லது இழுகயிறு பயன்படுத்தவேண்டும்.

இரண்டாவது, மார்லின் 60. 1960இல் வந்தது. குழலுக்குக் கீழே நீளக்குழாய் ஒன்றில் ரவைகள் வரிசையாக நிற்கும். தொலைந்துபோக ரவைக்கூடு இல்லை. பிந்திய காலத்துத் துவக்குகளில் கடைசிச் சூட்டின் பின் போல்ட் திறந்து நிற்கும். இது ஒரு நல்ல விடயம். ஆனால் குழாய்க்குள் ஒரு ரவை ஒளிந்து நிற்கலாம். ஏற்றும்போது கையும் முகமும் குழல் வாய்க்குக் கிட்டப் போகாமல் பார்க்கவேண்டும். அந்நாளில் மார்லின் பெயரை வைத்திருந்த நிறுவனம் 2020இல் வங்குரோத்தாகி, பெயர் றூகரிடம் கைமாறியது. இன்று சந்தையில் கிடைக்கும் மார்லின் 60 பெரும்பாலும் பழையது.

றெமிங்ரன் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த நைலோன் 66 இப்போது உற்பத்தியில் இல்லை. என்றாலும் பழசாகக் கிடைத்தால் ஒதுக்கத்தக்கதல்ல. உடல் நைலோனால் ஆனது என்பதால் போல்ட் எண்ணெயில்லாமலே வழுக்கும். அந்த வருடம் நிறுவனத்தின் காட்சிச் சூட்டாளர் ரொம் பிறை என்பவர் மேலே எறியப்பட்ட 1,00,010 சிறு மரக்கட்டைகளை அந்தத் துவக்குகளால் சுட்டு ஆறை மட்டுமே தவறவிட்டார். விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டதுதான், ஆனால் அத்தனை சூடு என்பது ஒரு பொறிமுறைக்குச் சோதனையே. பிறவுணிங் 1914 அளவில் கொண்டுவந்த வடிவமும் நீண்டகாலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. அது கோதைப் பக்கவாட்டில் அல்ல, கீழே எறியும். இடதுகைக்காரருக்கு வசதி.

பழைய துவக்கு வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது ரவைக்கூட்டின் உதடுகளையும், கோதை இழுக்கும் கொக்கியையும். நான் முதலில் வாங்கிய பழைய துவக்கு (அதன் பெயர் இங்கு வேண்டாம்) மூன்று சூட்டுக்கு ஒன்று சிக்கியது. ஒரு கோடைகாலம் முழுவதும் துவக்கைத் திட்டினேன். நெளிந்திருந்தது கூட்டின் ஒரு பக்க உதடு. புதிய கூடு போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

ரவை விடயத்தில், அரைத்தானியங்கிக்கு ஏற்றது வழமையான 40 கிறெயின் நிறையில் உருண்டை முனை கொண்ட, வேகம் கூடிய வகை. சீசீஐ மினிமாக் போன்றவை இந்த வகை. ஒலியைவிட வேகம் குறைந்த அமைதியான ரவைகள் கையால் இயக்கும் துவக்குகளுக்குச் சிறந்தவை. இங்கு அவை சிக்கலாம். நாலைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, உங்கள் துவக்கு ஏற்றுக்கொள்வதை அதற்குக் கொடுங்கள். பெரிய ரவைக்கூடுகளை நாடாதீர்கள். நிறுவனத்தின் பத்து ரவைக் கூட்டைவிட அவை பெரும்பாலும் கூடச் சிக்கும். சில நூறு சூட்டுக்கு ஒருமுறை ரவை அறையையும் போல்ட் முகத்தையும் துடையுங்கள். எண்ணெய் மிகக் குறைவாகப் போதும். கனடாக் குளிரில் கூடிய எண்ணெய் தடித்துப் போல்ட்டைப் பிடித்துவைக்கும். பொறி இரசாயனத்தில் ஈயம் இருப்பதால் சுட்டபின் கைகழுவாமல் சாப்பிடக்கூடாது.

தோற்றம் பற்றி

கடையில் இராணுவத் தோற்றம் கொண்ட .22 துவக்குகளும் கண்ணில் படும். உள்ளே இருப்பது அதே பார உருக்குத் துண்டும் சுருள்வில்லும்தான். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தோற்றத்துக்கு. எங்களில் சிலருக்கு அந்தத் தோற்றத்தில் ஒரு கவர்ச்சி இருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குவதற்கு முன் அவரவர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மறுபக்கத்தில், மரப்பிடங்கு கொண்ட சாதுவான தோற்றம் எதற்கும் உத்தரவாதமல்ல. 1989 டிசம்பர் 6இல் மொன்றியல் தொழில்நுட்பக் கல்லூரியில் பதினான்கு பெண்களைக் கொன்றவனிடம் இருந்ததும், 2011 யூலை 22இல் நோர்வேயின் உதோயாத் தீவில் பயன்பட்டதும் றூகர் மினி-14 என்ற மையச் சூட்டு அரைத்தானியங்கி. பண்ணைத் துவக்குப் போன்ற வடிவிலும் விற்கப்பட்டது அது. 10/22 செய்யும் அதே நிறுவனத்தின் தயாரிப்பு. வேறுபாடு ரவையில் இருக்கிறது.

சட்டங்கள் இந்த வேறுபாட்டை ஓரளவு கணக்கில் எடுக்கின்றன, நாட்டுக்கு நாடு வேறுவிதமாக. பிரித்தானியா 1987 ஹங்கபோட் படுகொலையின் பின் 1988இல் மையச் சூட்டு அரைத்தானியங்கி றைபிள்களைத் தடைசெய்து, .22 விளிம்புச் சூட்டு வகையைப் பொலிஸ் அனுமதிப்பத்திரத்துடன் விட்டுவைத்தது. நியூசிலாந்து 2019 கிறைஸ்ற்சேர்ச் படுகொலையின் பின் பெரும்பாலான அரைத்தானியங்கிகளைத் தடைசெய்தபோதும், பத்து ரவைக்கு மேற்படாத .22 களுக்கு விலக்களித்தது. அவுஸ்திரேலியாவில் 1996 போட் ஆதர் படுகொலைக்குப் பின் இதே துவக்கு விவசாயிகள் போன்ற குறிப்பிட்ட சிலருக்கே. ஜேர்மனியில் ஒரு கழகத்தில் குறைந்தது பன்னிரண்டு மாதம் பயின்றிருக்கவேண்டும். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் கட்டாயம். அங்கு 2020 மேயில் தொடங்கிய தடைப்பட்டியல் 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் நீட்டப்பட்டது. ஆகவே வாங்கும் நாளில் பட்டியலைப் பார்க்காமல் எந்த மாதிரிக்கும் பணம் கொடுக்கவேண்டாம்.

நம்பாமல் கையாளுதல்

மருமகனுடன் நானும் போன ஒரு நாள். அவன் பத்து சுட்டான். விசையை இழுத்தபோது 'டிக்' என்றது. "முடிஞ்சுது" என்று துவக்கை மேசையில் வைத்துவிட்டு எழும்பினான். கழகத்தின் பயிற்றுநர், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், அவனை இருக்கச் சொன்னார். குழல் குறிப்பலகையைப் பார்த்தபடி இருக்க, அரை நிமிடம் கடக்கவிட்டு, ரவைக்கூட்டைக் கழற்றிப் போல்ட்டை இழுத்தார். முழு ரவையொன்று மேசையில் வந்து விழுந்தது. விளிம்பில் ஊசி அடித்த அடையாளம் இருந்தது, ரவை பற்றியிருக்கவில்லை. எண்ணிக்கையில் அவன் ஒன்று பிழைத்திருந்தான். அவர் அவனைப் பேசவில்லை. அந்த ரவையை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அரைத்தானியங்கியில் இந்த ஆபத்து விசேடமானது. கையால் இயக்கும் துவக்கில் அடுத்த ரவையை ஏற்றுவது நீங்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியும். அரைத்தானியங்கியில் அந்த வேலையை இயந்திரம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அத்துடன் அந்த அறிவையும். அதனால்தான் 'டிக்' என்றால் வெறுமை என்று பொருள்கொள்ளக்கூடாது. பிந்திப் பற்றும் ரவையும் உண்டு என்பதால் அரை நிமிடம் காத்திருக்கவேண்டும். வழமைக்கு மாறாகச் சத்தம் மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தவேண்டும். சன்னம் குழலுக்குள்ளேயே நிற்கலாம், அடுத்த சூடு குழலை வெடிக்கவைக்கலாம். முதலில் கூட்டைக் கழற்று, பிறகு போல்ட்டை இழு, பிறகு அறையைக் கண்ணாலும் விரலாலும் பார். பாதுகாப்புப் பூட்டு போட்டிருந்தாலும், இன்னொருவர் "வெறுமை" என்று சொல்லித் தந்தாலும் இதே ஒழுங்கு. நல்ல துவக்கை வாங்குவது சிக்கலைக் குறைக்கும். இந்தச் சந்தேகத்தைக் குறைக்க அதற்கு அனுமதி கொடுக்கக்கூடாது.

இதனால் முதல் துவக்காக அரைத்தானியங்கியைத் தேர்வதையே பல பயிற்றுநர்கள் விரும்புவதில்லை. அவர்களுடன் உடன்படுகிறேன். ஒரு கோடைகாலமாவது கழகத்தின் ஒற்றைச் சூட்டுத் துவக்கில் பழகிவிட்டு வரலாம். அல்லது 10/22 இன் கூட்டில் ஒரு நேரத்தில் ஒரு ரவை மட்டும் வைத்துப் பழகலாம்.

நண்பரின் கேள்வி

இனி நண்பருக்கு. நாங்கள் ஓடிவந்தது துவக்கு என்ற பொருளிலிருந்து அல்ல, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத துவக்கிலிருந்து என்று ஒரு பதில் சொல்லலாம். கழகத்தில் அந்தப் பயிற்றுநரின் கட்டளைக்கு எல்லோரும் துவக்கைக் கீழே வைக்கிறார்கள். போல்ட் திறந்திருப்பதை எல்லோருக்கும் காட்டுகிறார்கள். அதன்பின்தான் குறிப்பலகை பார்க்க ஆட்கள் முன்னே போகிறார்கள். கட்டளைக்கு ஒருவர் கீழே வைக்க, எல்லோரும் சோதித்துப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டை நாங்கள் ஊரில் கண்டதில்லை. எனக்கு அங்கு சுடுவதைவிட அந்த இடைவேளை முக்கியமாகப் பட்டிருக்கிறது.

ஆனால் இந்தப் பதில் முழுமையானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கழகத்தில் இருக்கும் துவக்கு வேறு, வீட்டில் இருக்கும் துவக்கு வேறு. வீட்டில் துவக்கு இருப்பது தற்கொலையால் உயிர்போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதைப் பொதுச் சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. எங்களுடைய வீடுகளில் போரையும் சிறையையும் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இரவில் நித்திரை கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டுக்குள்ளே பேசாதவர்களும் இருக்கிறார்கள். கனடியச் சட்டம் துவக்கை வெறுமையாக்கிப் பூட்டிவைக்கச் சொல்கிறது. சாவி யாரிடம், ரவை எங்கே, வீட்டில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைச் சட்டம் வந்து பார்க்காது. என் அக்காவின் வீட்டில் அவளுடைய கணவர் இருக்கிறார். அவர் 1980களில் தடுப்பில் இருந்தவர். பட்டாசுச் சத்தம் கேட்டால் இன்றும் கதவைச் சாத்திக்கொள்பவர்.

மருமகனுக்கு இதையும் சொன்னேன். துவக்கின் பெயர் கேட்டவனுக்கு இது எதிர்பாராத பதில். சிறிதுநேரம் யோசித்துவிட்டு, இந்த வருடம் கழகத்தின் துவக்கிலேயே சுடுவதாகவும், வாங்கினால் கழகத்தின் பூட்டறையில் வைக்கமுடியுமா என்று விசாரிப்பதாகவும் சொன்னான். அப்பாவிடம் முதலில் கதைக்கவேண்டும் என்றும் சொன்னான். அப்படி வாங்குவதானால் றூகர் 10/22, மரப்பிடங்குடன், பத்து ரவைக் கூடு இரண்டு. அந்தப் பற்றாத ரவையை அவன் தன்னுடன் வைத்திருக்க விரும்பினான். உயிருள்ள ரவை வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லி, கழகத்தின் கழிவு ரவைப் பெட்டியில் போடவைத்தேன்.